கோபாலைத் தொட வேண்டாமுங்க

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அந்த வாக்கியமும் என்னுடையதல்ல. மில் வேலை விட்டு வரும் வழியில், அவிநாசி ரோட்டில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்திருந்தேன். பின் மேசையில் ஒரு பெண் யாரிடமோ சொன்னார்:

"அவரு மாட்டேன்னு ஒருக்காக்கூடச் சொன்னதில்லீங்க. அதுதானுங்க பிரச்சனையே."

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர் ஓடிப் போய் ஏறினார். பார்த்தது முதுகை மட்டும்தான். தோள்பையிலிருந்து பச்சைப் பட்டை போட்ட கம்ப்யூட்டர் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. [என் டீ ஆறிப்போயிருந்தது என்று எழுதி அடித்துவிட்டேன். ஆறவில்லை. குடித்து முடித்திருந்தேன்.]

கல்யாண விவகாரம் என்றுதான் முதலில் நினைத்தேன். மாட்டேன் என்றும் சொல்லாமல், கட்டிக்கொள்ளவும் வராமல் இழுத்தடிக்கும் ஒருவன். அதை எழுதிப் பார்த்தேன். உயிர் வரவில்லை. அந்தக் காகிதம் இடித்துக்கொண்டே இருந்தது. கல்யாணத்துக்கு எதற்குப் பச்சைப் பட்டைக் காகிதம்?

ஆகவே மாப்பிள்ளையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு நூல் மில்லைக் கொண்டுவந்தேன். அதில் ஒரு கம்ப்யூட்டர் அறை. ஆண்டு 1997. மில் கற்பனை. தேடிக்கொண்டு போக வேண்டாம்.

2

தொடக்கங்கள்.

'கம்ப்யூட்டர் அறைக்கு ஜன்னல் இல்லை. பொற்கொடிக்கு அது' — நிறுத்திவிட்டேன். ஜன்னல் இல்லாத அறை என்று எழுதினால் நீங்கள் சிறை என்று எடுத்துக்கொள்வீர்கள். ஜன்னல் இல்லாததற்குக் காரணம் பஞ்சுத் தூசி. அவ்வளவுதான்.

'இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கணினித் துறை அடைந்த மாபெரும்' — இது பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி.

மூன்றாவது தேறியது:

சம்பளத்துக்கு முந்தின நாள் அந்த அறையில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். கோபால் ஓடிக்கொண்டிருப்பான்.

கோபால் ஆள் இல்லை. மில்லின் சம்பளக் கணக்கைப் போடும் புரோகிராம். கோபால் என்பது அது எழுதப்பட்ட கம்ப்யூட்டர் மொழியின் பெயர் (COBOL). இங்கிலீஷ்காரன் எப்படிச் சொல்வானோ, கோயமுத்தூரில் அது கோபால்தான். வாட்ச்மேன் பஷீர் ஒருநாள் கதவருகே நின்று கேட்டுவிட்டு, பொறுக்க முடியாமல் உள்ளே தலையை நீட்டினார்.

"ஏனுங்க அம்மணி, யாருங்க அந்தக் கோபாலு? பாவம், எந்நேரமும் அந்தாளையே திட்டிப்போட்டு இருக்கறீங்க."

"அவன் செத்தாத்தான் நாங்க உருப்படுவோமுங்க பாய்," என்றார் ஜெரோம். "நானே மாலை வாங்கிட்டு வாரேன்."

ஜெரோம் அந்த அறையின் ஆபரேட்டர். கருமத்தம்பட்டிக்காரர். பொற்கொடிக்கு முன்னாலிருந்தே அங்கே இருக்கிறார். பொற்கொடி வெள்ளகோவில் பக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்து இந்த மில்லில் புரோகிராமராகச் சேர்ந்தவள். அறையில் இவர்கள் இரண்டு பேர்தான்.

3

கோபாலை எழுதிய ஆள் எப்போதோ மஸ்கட்டுக்குப் போய்விட்டார். முழுச் சம்பளக் கணக்கும் ஒரே நீளப் புரோகிராம். போனஸ் மாறினால் நடுவில் நாலு வரி சொருகுவார்கள். ஷிப்ட் படி மாறினால் இன்னும் நாலு. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே. ஒரு வரி 'அங்கே போ' என்னும். அங்கே போனால் அந்த வரி 'திரும்ப இங்கே வா' என்னும்.

அதில் இப்படி ஒரு வரி இருந்தது: டோக்கன் நம்பர் 417 என்றால் கேன்டீன் பிடித்தம் செய்யாதே.

ஏன் என்று யாருக்கும் தெரியாது. பழைய 417 எவரோ, என்ன காரணமோ. இப்போதைய 417 பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் வேலை செய்யும் ஒல்லியான ஆள். கேன்டீனில் மூன்று வேளையும் வஞ்சனை இல்லாமல் சாப்பிடுவான். மாதக் கடைசியில் ஒரு பைசா பிடித்தம் இருக்காது.

"ராஜயோகமுங்க," என்பார் ஜெரோம். "கோபால் புண்ணியத்துல ஒருத்தன் நல்லாருக்கறான். உடுங்க."

பொற்கொடியால் விட முடியவில்லை. அவள் கேட்டது மூன்று விஷயம். அந்த ஒரே நீளத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அது செய்யும் வேலையின் பெயரை வைக்க வேண்டும். எதையாவது மாற்றுவதற்கு முன்னால் பழையதை ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். புதிதாகச் செய்ததை உண்மையான சம்பளத்தில் போடுவதற்கு முன்னால் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். வேறு ஊர்களில் இதையெல்லாம் எப்போதோ செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

இதற்கு உத்தரவு தர வேண்டியவர் சீனிவாசலு. அக்கவுண்ட்ஸ் மேனேஜர். கம்ப்யூட்டர் அறை அவர் பொறுப்பில் இருந்தது.

"சார், அந்தப் புரோகிராமைப் பிரிக்கறதப் பத்திப் பேசினமுங்களே."

"ஆமாங்க அம்மணி. ஆகட்டுங்க, பாத்துக்கலாம்."

"எப்பங்க சார்?"

"செஞ்சுபோடலாமுங்க. அதுக்கென்ன. டீ குடிச்சீங்களா?"

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: ஆகட்டுங்க என்றால் சரி என்று அர்த்தம். பாத்துக்கலாம் என்றால் செய்வோம் என்று அர்த்தம். இரண்டையும் சேர்த்துச் சொல்லி, டீ குடித்தாயா என்றும் கேட்டால், நடக்காது என்று அர்த்தம்.*

* எல்லா நேரமும் அல்ல. சில நேரம் நடந்துவிடும். அதனால்தான் அடுத்த வாரமும் போய்க் கேட்கத் தோன்றும்.

4

சீனிவாசலுவை நான் முதலில் முட்டாளாக எழுதினேன். பேனாவைச் சட்டைப் பையில் வரிசையாகக் குத்திக்கொண்டு, கம்ப்யூட்டருக்குச் சளி பிடிக்கும் என்று ஏ.சி.யை அணைக்கச் சொல்பவராக. எழுதும்போது சுகமாக இருந்தது. மறுநாள் படித்தால் நாடக மேனேஜர்.

முட்டாளை ஒப்புக்கொள்ள வைப்பதில் கதை இல்லை. முட்டாள் இன்றைக்கு ஒப்புக்கொள்வான், நாளைக்கு வேறொருவன் பேச்சைக் கேட்பான். ஆகவே அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். புதிய சீனிவாசலுவுக்கு வீட்டில் தெலுங்கு. மில் முதலாளிக்குச் சுற்றி வளைத்துச் சொந்தம். முதலாளி அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கிட்டத்துச் சொந்தம் இல்லை. ஆட்களின் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீஸில் குமாஸ்தாவாக நுழைந்து மேனேஜர் ஆனவர். ஆட்களின் முகத்தைப் பார்த்து டோக்கன் நம்பர் சொல்வார். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை.

[பொற்கொடியைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் உண்டு. முதல் பிரதியில் அவள் எப்போதும் சரியாகவே இருந்தாள். எப்போதும் சரியாக இருப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. இதற்கு வழி செய்திருக்கிறேன். ஆறாம் பகுதி வரை பொறுங்கள்.]

5

செப்டம்பர் மாதம் சீனிவாசலு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"டெலிபோன் போர்டுல இருந்த அம்மா ரிட்டயர் ஆகறாங்க. உங்க குரல் நல்லா இருக்குதுங்க அம்மணி. தெளிவா இருக்குது."

"நான் புரோகிராமருங்க சார்."

"யாரு இல்லீங்கறாங்க? சம்பளத்துல ஒண்ணும் குறையாதுங்க. ஓட்டறதுக்கு ஜெரோம் ஒருத்தரு போதும்னு முதலாளி நினைக்கறாரு. ஓடறதுதானுங்களே."

வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம் போய், பஸ் மாறி, நின்றுகொண்டே காலேஜுக்குப் போய் மூன்று வருஷம் படித்தது, வருகிற போனை எடுத்து வணக்கமுங்க என்று சொல்வதற்கு. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"ஒரே ஒரு சந்தர்ப்பம் குடுங்க சார். புதுப் புரோகிராமை நானே வெளிய எழுதிக் கொண்டாரேன். மில்லு மிஷினத் தொட மாட்டேன். போன மாசச் சம்பளத்தப் பழசுல ஒண்ணு, புதுசுல ஒண்ணு, பக்கத்துல பக்கத்துல ஓட்டுவோம். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா என்னைய இங்கயே உடுங்க. போகலைன்னா நானே போயி போர்டுல உக்காந்துக்கறேன்."

சீனிவாசலு காலண்டரைப் பார்த்தார்.

"விஜயதசமிக்குப் போட்டுப் பாத்துரலாமுங்க. நல்ல நாளு."

அவர் டீயைப் பற்றிக் கேட்கவில்லை. அதை அவள் கவனித்தாள்.

எழுதியது காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். அங்கே பாடம் எடுத்த சாயிரா பானு, பொற்கொடியின் காலேஜ் சிநேகிதி, சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் ஒரு மிஷினைக் கொடுத்தாள். பூஜை விடுமுறை நெருங்கியபோது அவளே சொன்னாள்: "எல்லாத்தையும் ஃப்ளாப்பில எடுத்துக்கடி. விஜயதசமிக்குப் புது அட்மிஷன். அன்னைக்கு எல்லா மிஷின்லயும் உள்ள இருக்கறத வழிச்சுத் தொடச்சுடுவாங்க."

பொற்கொடி எடுத்துக்கொண்டாள். பிரதியும் எடுத்துக்கொண்டாள். பிரதி எடுக்கச் சொல்லி ஊரைக் கெஞ்சியவள் அதை மறப்பாளா? அசல் ஒரு ஃப்ளாப்பி, பிரதி ஒரு ஃப்ளாப்பி. இரண்டையும் சேர்த்து ஒரே ரப்பர் பேண்டைப் போட்டுப் பைக்குள் வைத்தாள்.

6

ஆயுத பூஜையன்று மில்லைக் கழுவி விட்டார்கள். நூற்பு இயந்திரங்களுக்கு வாழைக்கன்று, லாரிகளுக்குப் பூசணிக்காய். கம்ப்யூட்டர் அறையில் ஜெரோம் ஃபேனைத் துடைத்தார், கலர்க் காகிதம் ஒட்டினார். அந்த மில்லில் தோரணம் கட்ட அவரை விட்டால் ஆள் கிடையாது. மேசை மேல் சரஸ்வதி படம், பொரி, கடலை, பழம்.

பொற்கொடி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மானிட்டருக்கு வைத்தாள். பிரிண்டருக்கு வைத்தாள். கீபோர்டுக்கு ஓரமாக வைத்தாள். ஸ்டேப்ளர், பஞ்சிங் மிஷின், கதவுப் பூட்டு. பிறகு பையிலிருந்து இரண்டு ஃப்ளாப்பிகளையும் எடுத்து வாழையிலையில் வைத்தாள். நாளைக்கு ஓட வேண்டியது அதுதான்.

அந்தக் காலத்து ஃப்ளாப்பி பார்க்காதவர்களுக்கு: கறுப்பாக, மெல்லிசாக, கையகலச் சதுரம். காகித உறை போட்டிருக்கும். உறையை எடுத்தால் நடுவில் வட்டத் துளை, அதற்குக் கீழே விரல்நுனி அகலத்தில் ஒரு திறப்பு. அந்தத் திறப்புக்குள் பழுப்பு நிறத்தில் தெரிவதுதான் எழுத்தெல்லாம் இருக்கும் இடம். அங்கே விரல் படக்கூடாது. இதை அந்த மில்லில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவள் பொற்கொடி.

உறைக்குப் பொட்டு வைத்தால் அது ஆயுதத்துக்கு வைத்ததாகாது. அவள் உறையை உருவினாள். சதுரத்தில் பொட்டு வைக்கிற மாதிரி இருந்த ஒரே இடம் அந்தத் திறப்புதான். கை அன்றைக்குக் காலையிலிருந்து வைத்துக்கொண்டே வந்த வேகத்தில் வைத்தது. முதலில் சந்தனம். அதன் மேல் குங்குமம். அசலுக்கு ஒன்று, பிரதிக்கு ஒன்று.

கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

(இந்த இடத்தில் நான் எழுதுவதை விட்டுவிட்டு எழுந்து நடந்தேன். இது நம்பும்படியாக இருக்கிறதா? படித்த பெண், அவளே புரோகிராமர். 'அப்போது அவள் மனத்தில் ஓடிய' — இல்லை, மனத்தில் ஒன்றும் ஓடவில்லை. அதுதான் விஷயம்.)

7

விஜயதசமி காலையில் முதல் ஃப்ளாப்பியைப் போட்டாள். டிரைவ் கரகரவென்று தேய்ந்து, எந்த மிஷினிலும் அவள் கேட்காத ஒரு சத்தம் போட்டது. வெளியே எடுத்தாள். காய்ந்த சந்தனம் வட்டமாக இழுபட்டுப் பெரிய கீறலாகியிருந்தது.

பிரதியைப் பார்த்தாள். அதிலும் பொட்டு.

ஜெரோம் பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்தே பாத்தனுங்க," என்றார்.

"என்னதுங்க?"

"நீங்க பொட்டு வெச்சத."

"பாத்துப்போட்டு ஏனுங்கண்ணா சொல்லலை?"

"சாமி காரியம். நான் கோயிலுக்குப் போறவன் இல்ல, சர்ச்சுக்குப் போறவன். நான் வந்து அங்க வைக்காதீங்க, இங்க வைக்காதீங்கன்னு சொன்னா நல்லாருக்குமுங்களா? உங்களுக்குத் தெரியாததான்னு உட்டுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது. சென்டருக்குப் போன் போட்டாள். சாயிரா பானு எடுத்தாள். மிஷின்களைக் காலையிலேயே துடைத்துவிட்டார்கள்.

ஜெரோம் ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துவந்தார். நூல் மில்லில் பஞ்சுக்குக் குறைவில்லை. பிரதியை அவரே மெல்ல ஒற்றி ஒற்றித் துடைத்தார். அது காய்வதற்குள் சீனிவாசலு வந்துவிட்டார். புது வேட்டி, நெற்றியில் சின்னதாகத் திருமண்.

பொற்கொடி நடந்ததைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. அவர் ஃப்ளாப்பியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஆகட்டுங்க அம்மணி," என்றார் மிருதுவாக. "பாத்துக்கலாம். டீ குடிச்சீங்களா?"

அவள் எழுந்தாள்.

"வேண்டாங்க சார். அதச் சொல்லாதீங்க. மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லுங்க. ஒரே ஒருக்கா."

ஜெரோம் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார்."

"மாட்டேன்," என்றார் சீனிவாசலு.

பின்னால் 'ங்க' இல்லை. தன் வாயிலிருந்து வந்ததா என்று அவரே சந்தேகப்பட்ட மாதிரி நின்றார். பிறகு, அடைத்து நின்றது உடைந்ததுபோல, பேச ஆரம்பித்தார்.

"கையில எழுதற கணக்குல இருந்து இந்த மிஷினுக்கு மாத்துனப்ப நான் டைம் ஆபீஸ்ல இருந்தேன். முத மாசம் பாதிப் பேருக்குச் சம்பளம் தப்பா வந்துது. கேட்டுல கூட்டம். மிஷின் வித்தவன் மெட்ராஸ்ல இருக்கறான். முதலாளி ஊட்டுல இருக்கறாரு. நின்னது நான். ஒரு பொம்பள அவ புள்ளையத் தூக்கி என்ற மேசை மேல உக்கார வெச்சுப்போட்டு, இதுக்குச் சோறு போட்டுட்டுக் கணக்குப் பாருங்கன்னா. புள்ளை என்னையப் பாத்துச் சிரிக்குது. இப்பச் சொல்லு. ஓடறத நீ தொட்டு நின்னுபோச்சுன்னா கேட்டுல யாரு நிப்பாங்க? நீயா?"

அவர் அவளை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பொற்கொடிக்கு அது அவமானமாக இல்லை. யாரோ கதவைத் திறந்த மாதிரி இருந்தது. இல்லாத சுவரோடு இத்தனை நாள் முட்டிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது இருக்கிற சுவர் ஒன்று கிடைத்துவிட்டது.

"நான் நிக்கறனுங்க," என்றாள். "ஆனா நீங்க ஒண்ணு சொல்லுங்க. 417-க்கு ஏன் கேன்டீன் புடிக்கறதில்ல?"

"தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. அதனாலதான் தொட வேண்டாங்கறேன்."

"ஒருத்தருக்கும் தெரியாத ஒண்ண வெச்சுத்தானுங்க மாசாமாசம் அத்தனை பேருக்கும் சம்பளம் போடறோம். இன்னைக்கு ஓடுது. நாளைக்கு நின்னா, எங்க நின்னுச்சுன்னு பாக்க ஆளில்லீங்க சார். அன்னைக்கும் கேட்டுல நீங்கதான் நிப்பீங்க."

அவர் நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அந்த மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஜெரோம்கூடப் பார்த்ததில்லை.

"தொடச்சத ஒருக்காப் போடுங்க," என்றார். "என்னதான் ஆவுதுன்னு பாப்போம்."

8

பிரதி ஓடியது. பொற்கொடி துண்டு துண்டாக எழுதியிருந்ததால் அது துண்டு துண்டாக ஏறியது. வருகைப் பதிவு வந்தது. ஷிப்ட் படி வந்தது. ஓவர்டைம் வந்தது. ஒவ்வொரு துண்டின் பெயரும் திரையில் விழும்போது சீனிவாசலு உதட்டை அசைத்துப் படித்தார். பிடித்தம் என்ற துண்டில் டிரைவ் கரகரத்து நின்றது. திரையில் ஒரு கேள்வி.

அபார்ட், ரிட்ரை, ஃபெயில்?

"என்னமோ கேக்குதே. என்ன கேக்குது?"

"மூணுல ஒண்ணச் சொல்லச் சொல்லுதுங்க. அபார்ட்டுன்னா இத்தோட உட்டுறலாம். ரிட்ரைன்னா அதே எடத்த இன்னொருக்காப் படிச்சுப் பாக்கும். ஃபெயில்னா இந்தத் துண்டு போச்சுன்னு ஒத்துக்கிட்டு அடுத்த துண்டுக்குப் போகும்."

மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

முதலாவதில் அவள் டெலிபோன் போர்டில் உட்காருகிறாள். குரல் தெளிவாகவே இருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து ஒரு பேக்கரியில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள் — வேண்டாம், இதில் மேலே போகவில்லை.

இரண்டாவதில் மூன்றாம் தடவைக்கு டிரைவ் படித்துவிடுகிறது. இரண்டு சம்பளப் பட்டியலும் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, ஒத்துப்போகின்றன. சீனிவாசலு கைதட்டுகிறார். புதிய முறைகள் வென்றன. இதை எழுதி முடித்தபோது எனக்குக் கம்ப்யூட்டர் விற்க வந்தவனைப் போல இருந்தது. அதைக் கசக்கிப் போட்டேன்.

மூன்றாவதில் ஒரு துண்டு இல்லாமல் மற்றதெல்லாம் ஏறுகிறது. பட்டியல் ஒத்துப்போகாது. ஆனால் எங்கே ஒத்துப்போகவில்லை என்று விரலை வைத்துக் காட்ட முடியும். அதை மட்டும் திரும்ப எழுத வேண்டும். அதற்கு அவகாசம் கொடுப்பது அவர் கையில். கொடுப்பாரா? அவரை இவ்வளவு நாள் எழுதியும் எனக்குத் தெரியவில்லை. அவள் தோற்றாலும் அவளை அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு எதற்காகத் தோன்ற வேண்டும்? ஒரு காரணம் எழுதினேன், அழித்தேன். இன்னொன்று எழுதினேன், அது என் காரணமாக இருந்தது, அவருடையதாக இல்லை.

கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது. ஜெரோம் இன்னும் பஞ்சோடு நிற்கிறார். சீனிவாசலு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். ஆள்காட்டி விரலைக் கீபோர்டுக்கு மேலே கொண்டுவந்து, எந்த எழுத்து எங்கே இருக்கிறதென்று தெரியாமல் தேடினார்.

"எதை அமுத்தட்டும்?" என்றார்.

மில்லில் ஷிப்ட் மாறும்போது மிஷினை நிறுத்துவதில்லை. ஓடுகிறபடியே அடுத்த ஆள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வருவோம். இழை எங்கே அறுந்திருக்கிறது என்று மட்டும் காட்டிவிட்டு வருவது வழக்கம். உங்களுக்குக் காட்டிவிட்டேன். அவர் விரல் இன்னும் அந்தரத்தில் இருக்கிறது. எவ்வளவு நேரம் வைத்திருப்பார் என்று தெரியாது, வயசான ஆள்.